கடித்த பாம்பு ஒன்று, குப்பியில் எழுதியிருப்பது வேறொன்று: கையிலிருக்கும் நஞ்சுமுறிவு மருந்தைத் தேர்ந்து பயன்படுத்தும் முறை

நஞ்சுமுறிவு மருந்துக் குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் பாம்புகளின் பெயர்கள், எந்தப் பாம்புகளின் நஞ்சைக் குதிரைக்கோ ஆட்டுக்கோ செலுத்தி அந்த மருந்து எடுக்கப்பட்டது என்பதைத்தான் முதன்மையாகச் சொல்கின்றன. அது எந்தெந்தக் கடிக்கெல்லாம் வேலை செய்யும், எதற்குச் செய்யாது என்பதை அந்தப் பட்டியல் முழுமையாகச் சொல்வதில்லை. பட்டியலில் இல்லாத பாம்பின் நஞ்சைச் சில மருந்துகள் நன்றாகவே முறிக்கின்றன. பட்டியலில் இருக்கும் அதே இனத்தின், ஆனால் வேறு நிலப்பகுதியில் வாழும் பாம்பின் நஞ்சுக்கு முன் சில மருந்துகள் தோற்கின்றன. உலகில் நஞ்சுள்ள பாம்பினங்கள் பல நூறு. அவை ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து என்பது எந்த நாட்டிலும் நடக்காத காரியம். ஆகவே, இருக்கும் மருந்தை வேறொரு பாம்பின் கடிக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி, பாம்புக்கடிக்குச் சிகிச்சை தரும் எந்த மருத்துவருக்கும் ஒருநாள் வந்தே தீரும். அந்தக் கேள்வியை எந்த வரிசையில் அணுகுவது என்பதே இக்கட்டுரை. இது மருத்துவமனையில் பணிபுரிவோருக்காக எழுதப்பட்டது. வீட்டில் வைத்துச் செய்யக்கூடியது இதில் எதுவுமில்லை.

இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட மருந்தின் வயதே ஆகிறது. 1890களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் நாகத்தின் நஞ்சைக் கொண்டு நஞ்சுமுறிவு சீரம் தயாரித்தபோது, அது எல்லாப் பாம்புக்கடிக்கும் பயன்படும் என்று நம்பினார். ஆஸ்திரேலியாவில் சார்லஸ் மார்ட்டின் அதே சீரத்தை அந்நாட்டுப் பாம்புகளின் நஞ்சோடு சோதித்து, அந்த நம்பிக்கை தவறு என்று காட்டினார். பிரேசிலில் விட்டல் பிரேசில் ஒருபடி மேலே போய், கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சுக்கான சீரம் போத்ராப்ஸ் குழிவிரியனின் நஞ்சை முறிப்பதில்லை என்றும், அதற்கு நேர்மாறாகவும் அப்படியே என்றும் நிறுவினார். ‘எல்லாவற்றுக்கும் ஒன்று’ என்ற நம்பிக்கையும் ‘ஒவ்வொன்றுக்கும் ஒன்று’ என்ற கண்டிப்பும் அன்றிலிருந்து மாறிமாறி வருகின்றன. உண்மை இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. எந்த இடத்தில் என்பது பாம்புக்குப் பாம்பு மாறுகிறது.

பெயரைப் பார்க்காமல் நச்சுப்பொருளைப் பார்த்தல்

மருந்திலிருக்கும் எதிர்ப்பொருள் பாம்பை அறியாது. நஞ்சிலுள்ள புரதத்தின் வடிவத்தை மட்டுமே அறியும். அதே வடிவமுள்ள புரதம் வேறொரு பாம்பின் நஞ்சிலும் இருந்தால் அதையும் பற்றிக்கொள்ளும். எனவே நாம் தேட வேண்டியது பாம்புகளின் தோற்ற ஒற்றுமையை அன்று, நஞ்சின் உறவை. விரியன்களின் நஞ்சில் இரத்தக்குழாய்ச் சுவரைச் சிதைக்கும் மெட்டல்லோபுரோட்டினேஸ் என்னும் நொதிகள் அளவில் பெரியவை. குதிரையின் நோயெதிர்ப்பு அமைப்பு அவற்றை எளிதில் அடையாளம் கண்டு வலுவான எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. நாகம், பெயரில் மட்டும் விரியனான கட்டுவிரியன், கடற்பாம்பு ஆகியவற்றின் நரம்பைத் தாக்கும் ‘மூவிரல்’ நச்சுகளோ மிகச் சிறியவை. அவற்றுக்கு எதிராகக் கிடைக்கும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் வலுக்குறைந்தது. இதனால் இரத்தப்போக்கை உண்டாக்கும் நஞ்சுகளில் ஒரு மருந்து உறவுக்காரப் பாம்புக்கும் உதவுவதற்கான வாய்ப்பு ஓரளவு கூடுதல். நரம்பு நஞ்சுகளில் அந்த எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. இது ஒரு பொதுவான சாய்வு மட்டுமே. விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நஞ்சின் உறவு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் மனத்தில் இருப்பது பயன்தரும். மெக்சிகோவில் தயாராகும் அனாவிப் என்ற மருந்து போத்ராப்ஸ் ஆஸ்பர் என்ற குழிவிரியனையும் மத்திய, தென் அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்றையும் கொண்டு தயாரிக்கப்படுகிறது. ஆனால் 2015இல் அமெரிக்க ஐக்கிய நாட்டில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது, அந்நாட்டின் கிலுகிலுப்பைப் பாம்புகள் கடித்தவர்களின் சிகிச்சைக்காக. ஆஸ்திரேலியாவில் கொக்கிமூக்குக் கடற்பாம்பு ஒன்றைக் கொண்டு எடுக்கப்படும் மருந்தே பல்வேறு கடற்பாம்புகளின் கடிக்கும் கொடுக்கப்படுகிறது. அங்கேயே செவ்வயிற்றுக் கரும்பாம்பு கடித்தால், கரும்பாம்பு மருந்து என்ற பெயரில் ஒரு குப்பி இருந்தும், புலிப்பாம்புக்கான மருந்தைத்தான் பரிந்துரைக்கிறார்கள்; அது அந்த நஞ்சை முறிக்கிறது, உடலுக்குள் போகும் வேற்றுப் புரதத்தின் அளவும் குறைவு. பெயரை மட்டும் நம்பிக் குப்பியை எடுப்பவர் இங்கே தேவையின்றிப் பெரிய குப்பியை உடைத்திருப்பார்.

இதைவிட வியப்பானது மூக்கு நுனி மேல்நோக்கிய குழிவிரியனின் கதை. இலங்கையிலும் தென்மேற்கு இந்தியாவிலும் அதிகம் கடிக்கும் இந்தச் சிறு பாம்பு சிலருக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது, இரத்த உறைவையும் குலைக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு இந்தியாவில் தயாராகும் மருந்து இதற்கு உதவுவதில்லை. ஆனால் தாய்லாந்தில் மலேயக் குழிவிரியனைக் கொண்டு தயாரிக்கப்படும் மருந்து, ஆய்வகத்தில் எலிகளிடம் இந்த நஞ்சை முறித்தது. ஒரே நிலத்தில் அருகருகே வாழும் கண்ணாடி விரியனைவிட, கடல்தாண்டி வாழும் மலேயக் குழிவிரியனே இதற்கு நெருங்கிய உறவு என்பதுதான் காரணம்.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு கசப்பானது. 2000களில் கானாவின் ஒரு பகுதியில், மேற்கு ஆப்பிரிக்கச் சுருட்டை விரியன் கடிக்குப் பலன் தந்துகொண்டிருந்த மருந்துக்குப் பதிலாக, ஆசியச் சுருட்டை விரியனின் நஞ்சைக் கொண்டு தயாரான மருந்து வந்து சேர்ந்தது. இரண்டும் சுருட்டை விரியன்தான். ஆனால் இறப்பு விகிதம் 1.8 விழுக்காட்டிலிருந்து 12.1 விழுக்காடாக உயர்ந்தது. பேரினம் ஒன்று என்பது போதாது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று தேவையில்லை. ஒரே நாட்டுக்குள்ளும் இது நிகழ்கிறது. இந்திய மருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதி தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. அந்த மருந்து மேற்கு இந்தியாவின் சுருட்டை விரியன் வகைக்கும், வடகிழக்கின் ஒற்றைக்கண் நாகத்துக்கும், சிந்துக் கட்டுவிரியனுக்கும் ஆய்வகச் சோதனைகளில் குறைவாகவே வேலை செய்திருக்கிறது.

நோயாளியின் உடலை வாசித்தல்

பாம்பைக் கொன்று கொண்டுவரச் சொல்லத் தேவையில்லை. வெட்டப்பட்ட தலையும் கடிக்கும். செல்பேசியில் எடுத்த படம் இருந்தால் போதும், அதுவும் தெரிந்தவர் பார்த்தால்தான் பயன். பெரும்பாலான வேளைகளில் பாம்பின் அடையாளம் கிடைக்காது. எனவே அறிகுறித் தொகுப்பையும் அந்நிலப்பகுதியில் வாழும் பாம்புகளின் பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல், ஈறிலும் கடிவாயிலும் கசிந்து, வீக்கமும் சேர்ந்து வந்தால் விரியன் குடும்பத்தை நினைக்கிறோம். வீக்கமே இல்லாமல் இமை சரிந்து, பேச்சு குழறி, வயிற்றுவலியும் இருந்தால் கட்டுவிரியன். இமை சரிவோடு கடிவாய் வீங்கிக் கறுத்தால் நாகம். உடல் முழுதும் தசைவலியும் கருஞ்சிவப்புச் சிறுநீரும் வந்தால் கடற்பாம்பு.

இந்த வாய்ப்பாட்டை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் அதன் விதிவிலக்குகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் இரத்த உறைவைக் குலைப்பதோடு இமையையும் சரியவைக்கும். ஆப்பிரிக்காவின் துப்பும் நாகங்கள் பல, நரம்பைத் தொடாமல் தசையை மட்டும் அழுகச் செய்யும். ஆஸ்திரேலியாவில் நாகக் குடும்பத்துப் பாம்புகளே இரத்த உறைவைக் குலைக்கும். ஆப்பிரிக்காவின் பூம்ஸ்லாங் மரப்பாம்பு கடித்தவருக்கு முதல் நாள் ஏதும் தெரியாமல் அடுத்த நாள் இரத்தம் கசியக்கூடும். தென்னாப்பிரிக்காவில் 10 பாம்புகளைக் கொண்டு தயாராகும் பொது மருந்து அதற்குப் பயன்படாது, அதற்கென்று தனி மருந்து உண்டு. பொது மருந்து என்ற சொல்லே இங்கே ஏமாற்றுகிறது.

இரத்த உறைவைச் சோதிக்கக் கருவிகள் இல்லாத இடத்தில், 20 நிமிட முழு இரத்த உறைவுச் சோதனை போதுமானது: 2 மில்லி இரத்தத்தைப் புதிய, உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாயோ, சோப்புத்தூளில் கழுவிய கண்ணாடியோ இருந்தால் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும். மருந்து தேவையற்றவருக்கு மருந்து போய்விடும். கடி இருந்தும் நஞ்சேறாத கடிகள் நிறைய உண்டு என்பதால், உடலில் நஞ்சு பரவியதற்கான அறிகுறியோ, விரைந்து ஏறும் கடுமையான வீக்கமோ இல்லாதவருக்கு எந்த மருந்தையும் தொடங்கக் கூடாது. கவனித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

மருந்துடன் வரும் தாளை வாசித்தல்

குப்பியுடன் மடித்து வைத்திருக்கும் தாளைப் பலரும் பிரிப்பதே இல்லை. பட்டியலில் இல்லாத பாம்புக்கு மருந்து தேடுகையில் அதுதான் முதல் ஆவணம். எந்த இனம், எந்த நாட்டிலிருந்து எடுத்த நஞ்சு, ஒரு மில்லி மருந்து எத்தனை மில்லிகிராம் நஞ்சை முறிக்கும், உள்ளே இருப்பது முழு எதிர்ப்பொருளா அல்லது அதன் துண்டா ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். சிறிய துண்டு விரைவில் உடலைவிட்டு வெளியேறிவிடும். அதனால் சில நாள் கழித்து இரத்த உறைவு மீண்டும் குலையும் வாய்ப்பு அதில் கூடுதல்.

அளவு எப்படி வருகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். இந்திய மருந்து ஒரு மில்லிக்கு நல்லபாம்பின் நஞ்சையும் கண்ணாடி விரியனின் நஞ்சையும் 0.6 மில்லிகிராம் வீதமும், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நஞ்சை 0.45 மில்லிகிராம் வீதமும் முறிக்க வேண்டும் என்பது தரக்கட்டளை. 10 மில்லிக் குப்பி ஒன்று கண்ணாடி விரியன் நஞ்சில் 6 மில்லிகிராமை முறிக்கும். அந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் செலுத்துகிறது என்பதிலிருந்துதான் தொடக்க அளவாக 8 முதல் 10 குப்பிகள் என்ற எண் வந்தது. இந்தக் கணக்கு அந்தப் பாம்புக்கு மட்டுமே பொருந்தும். வேறு பாம்புக்கு அதே மருந்தைக் கொடுக்கும்போது 10 குப்பி என்பது பழக்கத்தால் வரும் எண்ணே தவிர, கணக்கால் வரும் எண் அன்று.

அடுத்து, அந்தப் பாம்புக்கு இந்த மருந்து வேலை செய்யும் என்பதற்கு என்ன சான்று இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சான்றுகளுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டு. எதிர்ப்பொருள் நஞ்சோடு இணைகிறது என்று சொல்லும் ஆய்வு மிகவும் அடிமட்டத்தில் இருக்கிறது. இணைவது வேறு, முறிப்பது வேறு. எலிகளைக் காப்பாற்றியது என்ற ஆய்வு அதைவிட மேல். ஆனால் வழக்கமான எலிச் சோதனையில் நஞ்சையும் மருந்தையும் முன்கூட்டியே கலந்து, 37 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்து, பிறகே செலுத்துகிறார்கள். எந்தப் பாம்பும் அப்படிக் கடிப்பதில்லை. எனவே எலிச் சோதனையில் தோற்ற மருந்தை ஒதுக்கிவிடலாம். வென்ற மருந்தை நம்பிக்கையோடு முயலலாம், உறுதியோடு அன்று. மனிதர்களிடம் கண்ட பலன், ஒரு சில நோயாளிகளின் பதிவாக இருந்தாலும், இவற்றையெல்லாம் விட எடை கூடியது. உலக சுகாதார நிறுவனம் நஞ்சுள்ள பாம்புகளையும் அவற்றுக்குக் கிடைக்கும் மருந்துகளையும் நாடுவாரியாகத் தேடக்கூடிய தரவுத்தளம் ஒன்றை நடத்துகிறது. அதையும் நச்சுத் தகவல் மையத்தையும் முதல் குப்பியை உடைப்பதற்கு முன் அணுகுவது நல்லது. உயிரியல் பூங்காவிலோ வீட்டிலோ வளர்க்கப்படும் அயல்நாட்டுப் பாம்பு கடித்தால், தேவையான மருந்து பெரும்பாலும் மருத்துவமனையில் இருப்பதைவிடப் பூங்காவின் குளிர்பெட்டியில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கொடுப்பதும் அளப்பதும்

உலர்தூளாக உள்ள மருந்தைக் கரைக்கும்போது குலுக்கக் கூடாது. நுரைத்தால் புரதம் கெடும். மெல்லச் சுழற்றிக் கரைத்து, சலைனில் கலந்து, 30 முதல் 60 நிமிடத்துக்குள் சிரை (இரத்தக்குழாய்) வழியாகச் செலுத்த வேண்டும். பாம்பு குழந்தைக்கென்று குறைவான நஞ்சைச் செலுத்துவதில்லை; ஆகவே குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே, கலக்கும் நீர்மத்தின் அளவுதான் குறையும். தோலில் ஊசியிட்டுப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை எதையும் முன்னறிவிப்பதில்லை, நேரத்தை மட்டுமே வீணாக்குகிறது. அட்ரினலின் ஊசி நிரப்பிய நிலையில் கட்டிலருகில் இருக்க வேண்டும். அரிப்பு, தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி எது வந்தாலும் மருந்தை நிறுத்தி, பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடைத் தசையில் செலுத்தி, தணிந்த பின் மெதுவாக மீண்டும் தொடங்க வேண்டும். இலங்கையில் நடந்த ஆய்வு ஒன்று, முன்கூட்டியே 0.25 மில்லிகிராம் அட்ரினலினைத் தோலடியில் கொடுப்பது கடுமையான எதிர்விளைவுகளைக் குறைக்கிறது என்று காட்டியது.

இதுவரை சொன்னது எந்தப் பாம்புக்கடிக்கும் பொருந்தும். பட்டியலில் இல்லாத பாம்புக்கு மருந்து கொடுக்கும்போது மட்டும் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும், அதைப் பெரும்பாலோர் செய்வதில்லை: எது நடந்தால் மருந்து வேலை செய்தது என்று ஒப்புக்கொள்வோம், எத்தனை மணிக்குள் நடக்க வேண்டும் என்பதை மருந்து தொடங்கும் முன்பே நோயாளியின் தாளில் எழுதிவைப்பது. இதற்கான அளவுகோல்கள் தெளிவாகவே இருக்கின்றன. பொருந்தும் மருந்து சென்றால் புறத்தே தெரியும் இரத்தக்கசிவு 15 முதல் 30 நிமிடத்தில் நிற்கத் தொடங்கும். உறைவுத்திறன் 3 முதல் 9 மணி நேரத்தில் திரும்பும். கல்லீரல் உறைவுக் காரணிகளை மீண்டும் உருவாக்க அவ்வளவு நேரம் எடுக்கும் என்பதால் 6 மணி நேரத்துக்கு முன் சோதித்து, மருந்து தோற்றது என்று முடிவு செய்வது தவறு. நாகத்தின் நஞ்சால் வந்த இமைச்சரிவு அரைமணி நேரத்திலேயே தெளியத் தொடங்கலாம், பல மணி நேரமும் ஆகலாம்.

கட்டுவிரியன் கடியில் இந்த அளவுகோல் உடைகிறது. அதன் நஞ்சு நரம்பு முனையையே சிதைத்துவிடுகிறது; நல்ல மருந்தும் சிதைந்ததைச் சீராக்காது. அங்கே தசைச் செயலிழப்பு குறையவில்லை என்பது மருந்து தவறு என்பதற்குச் சான்று அன்று, மேலும் மருந்து தேவை என்பதற்கும் சான்று அன்று. மூச்சைத் தாங்கும் வென்டிலேட்டர்தான் அங்கே உயிரைக் காக்கிறது. நாகக்கடியால் தசை செயலிழந்தால், நரம்பின் செய்தி தசையை எட்ட உதவும் நியோஸ்டிக்மினை அட்ரோபினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பது எந்த இன நாகமானாலும் செய்யத்தக்கது. மருந்து பொருந்துகிறதா என்ற கேள்வியைச் சாராமல் உதவும் மிகச் சில வழிகளில் அதுவும் ஒன்று.

6 மணி நேரத்துக்குப் பின்னும் இரத்தம் உறையவில்லை என்றால் பொருந்தும் மருந்தை இரண்டாம் முறை கொடுக்கலாம் என்பது பொதுவான நெறி. பட்டியலில் இல்லாத பாம்பின் கடியில் என் கருத்து இதைவிடக் கண்டிப்பானது: இரண்டாம் முறைக்குப் பின்னும் எழுதிவைத்த அளவுகோல் எட்டப்படவில்லை என்றால், அந்த மருந்தை நிறுத்திவிட வேண்டும். முறிக்காத எதிர்ப்பொருளை எத்தனை குப்பி ஊற்றினாலும் முறிக்காது. ஒவ்வாமை அபாயம் கூடுகிறது, வேறொருவருக்குப் பயன்பட்டிருக்கும் குப்பி தீர்கிறது. குப்பிகளைக் கூட்டிக்கொண்டே போவது பெரும்பாலும் நோயாளிக்காக அன்று, ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்ற நம் பதற்றத்துக்காக.

நிறுத்துவது கைவிடுவது ஆகாது. சிறுநீர் குறைந்தால் நீர்மச் சமநிலையைக் கவனித்து, வேண்டியபோது டயாலிசிஸ். மூச்சுத் தசை தளர்ந்தால் செயற்கை மூச்சு, நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும். கடுமையான இரத்தப்போக்கில் இரத்தமும் பிளாஸ்மாவும். எந்த மருந்தும் இல்லாத பாம்புகள் கடித்துப் பிழைத்தவர்கள் இவற்றாலேயே பிழைத்திருக்கிறார்கள். காலாவதியான குப்பி மட்டுமே கையில் இருந்தால், வேறு வழியில்லாதபோது, அண்மையில் நாள் கடந்ததும் குளிரில் பாதுகாக்கப்பட்டதும் கரைசல் தெளிவாக இருப்பதுமான மருந்தைப் பயன்படுத்தலாம். கலங்கிய கரைசலைத் தொடக் கூடாது.

கடிவாயிலிருந்து நஞ்சு தொடர்ந்து உறிஞ்சப்படுவதால், தெளிந்தவருக்கும் இரண்டாம் நாளில் உறைவு மீண்டும் குலையலாம். குறைந்தது 24 மணி நேரம் உறைவைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு வாரம் போல் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தோல் தடிப்பு வந்தால் அது மருந்தால் வரும் சீரம் நோய் என்றும், திரும்பி வந்தால் குணப்படுத்தலாம் என்றும் அவரிடமே சொல்ல வேண்டும். கொடுத்த மருந்தின் பெயர், தொகுதி எண், குப்பிகளின் எண்ணிக்கை, கடித்த பாம்பின் படம், முன்பே எழுதிவைத்த அளவுகோல், அது எட்டப்பட்டதா இல்லையா என்ற விவரம் ஆகியவை விடுப்புத் தாளில் ஏற வேண்டும். அந்தப் பாம்பு அடுத்து ஒருவரைக் கடிக்கும்போது, இந்த மருந்தை முயலலாமா என்று தேடும் மருத்துவருக்குக் கிடைக்கும் ஒரே மனிதச் சான்று அந்தத் தாளாகவே இருக்கக்கூடும்.